இடது மணிக்கட்டு

எனக்கு உட்காரத் தெரியாது. காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் பாதி சீட் காலியாகக் கிடந்தாலும் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். வகுப்பில் காலை ஆட்டி ஆட்டி முன் பெஞ்சுக்காரியிடம் திட்டு வாங்குவேன். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அம்மா சொல்லிவிடுவாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னாள். அவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

இப்படிப்பட்டவளுக்குக் கபடி சரியான ஆட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஆனால் கபடியில் ஒரு தண்டனை இருக்கிறது. அவுட் ஆனவள் கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். நம் அணி ஒரு பாயிண்ட் எடுத்தால் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி உள்ளே வரலாம், அதுவும் வரிசைப்படி. முதலில் போனவள்தான் முதலில் வருவாள். முந்திக்கொண்டு ஓடினால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட் தானம். எழுந்து நிற்கக் கூடாது, வாய்விட்டுக் கத்தக் கூடாது. மூன்று வருடம் கல்லூரி அணியில் ஆடினேன். எத்தனையோ பேர் முழங்கால் வலி என்பார்கள், தோள் இறங்கிவிட்டது என்பார்கள். எனக்கு வலித்ததெல்லாம் அந்த உட்காரும் இடம்தான்.

எங்கள் கல்லூரி கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவில் இருந்தது. உடற்கல்வி மேடத்துக்கு எங்கள் பெயர் எதுவும் நினைவில் நிற்காது. ஆளை நிற்கும் இடத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். கார்னர், இன், கவர், சென்டர். நாளடைவில் நாங்களும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம். இடது ஓரத்தில் நிற்பவள் கார்னர். அவளுக்கு அடுத்து நிற்கும் நான் இன். கேன்டீனில் டீ சொன்னால்கூட "கார்னருக்குச் சீனி கம்மி" என்றுதான் சொல்வோம்.

கார்னர் மலைக்கு மேலே, கம்பம்மெட்டைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்து வீட்டுப் பெண். கல்லூரி விடுதியில் தங்கியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை தொழிலாளர் ஜீப்பில் ஏறி ஊருக்குப் போவாள். திரும்பி வரும்போது அவள் பையைத் திறந்தால் அறை முழுக்க ஏலக்காய் மணக்கும். எதற்கும் பதறமாட்டாள். தேர்வில் ஒரு பேப்பர் போய்விட்டது என்றாலும் "சாரமில்ல" என்பாள், பரிமாறும்போது குழம்பு தட்டிவிட்டாலும் "சாரமில்ல" என்பாள். அது மலையாளச் சொல், பரவாயில்லை என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டாலே முதல் வருடம் எனக்குக் கடுப்பாக இருக்கும். எல்லாமே பரவாயில்லை என்றால் அப்புறம் எதற்கு விளையாட வந்தாள் என்று நினைப்பேன்.

எதிரணிக்காரி கபடி பாடி வரும்போது பக்கத்தில் நிற்பவர்கள் கைகோத்து நிற்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மற்ற ஊர்களில் விரலைப் பிடிப்பார்கள். எங்கள் மேடம் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். எங்கள் மைதானம் மண் மைதானம், வியர்வையும் மண்ணும் சேர்ந்தால் விரல் வழுக்கும் என்பது அவர் கணக்கு. மணிக்கட்டைப் பிடித்தால் வழுக்காது, ஆனால் ஒருத்தி பாய்ந்தால் மற்றவளும் சேர்ந்து இழுபட வேண்டும். நான் பாய்கிறவள். பாடி வருகிறவள் கோட்டைத் தாண்டிய உடனே எனக்குக் கால் பரபரக்கும். முதல் வருடம் முழுக்கக் கார்னரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேரையும் அவுட் ஆக்கினேன்.

இரண்டாம் வருடம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். என் இடது மணிக்கட்டை அவள் வலது கை பிடித்திருக்கும். அழுத்தினால் பொறு. விட்டால் போ. அவ்வளவுதான். பேச்சு கிடையாது, கண்ஜாடை கிடையாது. அதற்குப் பிறகு எங்கள் இடது பக்கம் வந்தவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போகவில்லை. பிடித்தது நான் என்று கைதட்டுவார்கள். எப்போது பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தது அவள் கை.

நான் சொல்ல வந்தது மூன்றாம் வருடத்துப் போட்டிப் பருவத்தை. அது எங்களுக்குக் கடைசி. மண்டலப் போட்டிகளில் ஜெயித்து அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளிலிருந்துதான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம். கார்னரும் நானும் அதைத்தான் குறிவைத்திருந்தோம். அது இல்லையென்றால் அவள் மலையேறிக் காய் பறிக்கப் போக வேண்டும். நான் அப்பாவோடு திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நடக்க வேண்டும். குனிந்து நடப்பது உட்காருவதைவிடக் கொடுமை. பந்தலுக்குள் நுழைந்தால் நிமிரவே முடியாது.

அந்த வருடம் ஒன்று மாற்றி ஒன்று வந்தது. ஆவணியில் எங்கள் சென்டருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஆட விடவில்லை. ஐப்பசி மழையில் மைதானம் குளமாகி, கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரங்கட்டிவிட்டுப் பயிற்சி செய்தோம். ஒருத்திக்கு டெங்கு வந்தது. போடியில் தோற்றோம், உத்தமபாளையத்தில் ஜெயித்தோம், பெரியகுளத்தில் சமனில் முடிந்து கூடுதல் ரெய்டில் தப்பித்தோம். எப்படியோ அரையிறுதிக்கு வந்தபோது நல்ல காலோடு இருந்தவர்கள் சரியாக ஏழு பேர். மாற்று ஆள் கிடையாது.

அரையிறுதி ஆண்டிபட்டிப் பக்கம், வைகை அணைக்குப் போகும் வழியில் ஒரு கல்லூரியில். திங்கட்கிழமை காலை. சனிக்கிழமை கார்னர் ஊருக்குக் கிளம்பினாள். போகாதே என்றேன். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு ஞாயிறு சாயந்திரம் வந்துவிடுவேன் என்றாள். ஞாயிறு மதியம் பிடித்த மழை விடவே இல்லை. மலைப்பாதையில் மண் சரிந்து, ஒரு மரமும் விழுந்து, வண்டி எதுவும் இறங்கவில்லை. அவள் போனில் சிக்னல் இல்லை. திங்கள் காலை கல்லூரி வேனில் ஆறு பேராகக் கிளம்பினோம். எல்லோரும் உட்கார்ந்து வந்தார்கள். நான் ஆண்டிபட்டி வரை நின்றுகொண்டே வந்தேன்.

ஆறு பேரை வைத்துத் தொடங்கலாம் என்று விதி இருக்கிறது. வராதவள் பிறகு வந்தால் நடுவரிடம் கேட்டு வரிசைக்குக் காத்திருக்காமல் உள்ளே வரலாம். அதுவரை அவள் அவுட் ஆனதாகக் கணக்கு. மேடம் அதைச் சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு நீதான் கார்னர். உன்னைய யாரும் பிடிச்சு நிறுத்த மாட்டாக. பார்த்து நடந்துக்க" என்றார்.

பார்த்து நடக்கவில்லை. மேட் விரித்த தளம், நல்ல வெளிச்சம், அந்தப் பக்கம் நாற்காலியில் தேர்வாளர்கள் மூன்று பேர். முதல் ரெய்டுக்கு வந்தவள் இன்னும் திரும்பக்கூட இல்லை, நான் பாய்ந்துவிட்டேன். அவள் என்னைத் தொட்டுவிட்டு நிதானமாகப் போனாள். உள்ளே வந்தேன், மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு முறையும் பாயும் முன் என் இடது கை தானாகப் பக்கத்தில் எதையோ தேடியது. அங்கே வெறும் காற்று. இடைவேளைக்குள் எங்களை மொத்தமாக ஒருமுறை காலி செய்துவிட்டார்கள். எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. மழை மேல், மலை மேல், அவள் அம்மாவின் காய்ச்சல் மேல்கூட எரிச்சலாக வந்தது.

இரண்டாம் பாதியில் நான் மூன்றாவது ஆளாக அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மலைக்கு வேலைக்கு ஆள் ஏற்றப் போய், பாதை அடைபட்டதால் திரும்பிய ஜீப். கார்னர் மண் சரிந்த இடத்தை நடந்தே இறங்கிக் கடந்து, அதில் ஏறி வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. மேடம் பையிலிருந்து அவள் ஷூவை எடுத்துக் கொடுத்தார். சேற்றுக் காலோடு விரிப்பில் ஏறக் கூடாது என்று நடுவர் சொல்ல, துப்பட்டாவால் காலைத் துடைத்துத் துடைத்து ஷூ போட்டாள். என்னைப் பார்த்தாள். வெளியே உட்கார்ந்திருப்பவள் பேசக் கூடாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் இடது ஓரத்தில் போய் நின்றாள். எதிரணிக்காரி பாடி வந்தாள். அப்போது நான் பார்த்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கார்னரின் வலது கை பக்கவாட்டில் நீண்டது. என் மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் விரல்களை வளைத்தபடி நின்றது. நான் அங்கே இல்லை. இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வருடமாக எனக்குத்தான் அவள் கை தேவை என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் என் கை வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

தனியாகவே கணுக்காலைப் பிடித்தாள். ஒருத்தி உள்ளே போனாள். எங்கள் ரெய்டர் ஒரு பாயிண்ட் கொண்டுவந்தாள். இன்னொருத்தி போனாள். அடுத்தது என் வரிசை. அந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது.

நான் உள்ளே போனபோது ஆட்டம் முடியப் போகிற சமயம். எங்கள் பக்கம் மாறி மாறி அவுட் ஆகி, கடைசி ரெய்டுக்குக் களத்தில் மிஞ்சியது மூன்று பேர். கார்னர், நான், வலது ஓரத்துக்காரி. ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். மூன்று பேராக இருந்து பிடித்தால் இரண்டு பாயிண்ட். எதிரணிக்காரிக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வந்து உள்கோட்டை ஒருமுறை தாண்டிவிட்டு நேரத்தைக் கடத்தித் திரும்பினால் அவர்கள் ஜெயித்தார்கள்.

மணிக்கட்டில் கை விழுந்தது. சில்லென்று இருந்தது, இன்னும் மலைக் குளிர் போகவில்லை. பாடி வந்தவள் எங்கள் பக்கமே நின்று விளையாட்டுக் காட்டினாள். அழுத்தினாள் கார்னர். பொறு. பாடி வந்தவள் உள்ளே ஒரு காலை வைத்து எடுத்தாள். கார்னர் இன்னும் அழுத்தினாள். நேரம் போகிறதே, இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நினைத்தேன். பாடி வந்தவள் வேலை முடிந்தது என்று தோளைத் தளர்த்தித் திரும்பினாள். கை விட்டது.

இடுப்பில் நான், காலில் கார்னர், மேலே வலது ஓரத்துக்காரி. விசில்.

மறுநாள் காலை இறுதிப் போட்டியில் மதுரை அணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மதியம் தேர்வு. நான்கு அணி ஆட்களையும் கலந்து நிறுத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கார்னர், நல்ல பெண்தான். விரல் நுனியை மட்டும் கொடுத்தாள். நான் பாய்ந்தேன். அவுட். இன்னொரு முறையும் அதேதான். நம் கார்னர் வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் வழக்கம்போல அசையாமல் நின்றாள். அவளுக்கு நிற்கத் தெரியும், அதை யார் பக்கத்திலும் செய்வாள். எனக்கு அவள் பக்கத்தில் மட்டும்தான் நிற்க வரும். வெயிலில் நின்றபடி இதைப் புரிந்துகொண்டேன். பொறாமையாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

சாயந்திரம் எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லிப் பெயர்களைப் படித்தார்கள். அங்கே யாரும் எங்களை இடத்தின் பெயரால் கூப்பிடவில்லை. கார்னரின் சொந்தப் பெயர் வந்தபோது அது யார் என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அவள் எழுந்து நிற்கவில்லை. மேலும் சில பெயர்கள் வந்தன. இனி என் பெயர் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே, வேனுக்கு, வைகை அணைப் பக்கம், எங்கேயாவது ஓடிவிட வேண்டும்போல இருந்தது. முழங்காலை ஊன்றினேன்.

என் இடது மணிக்கட்டில் கை விழுந்தது. அழுத்தியது.

உட்கார்ந்தேன். பெயர்கள் முடிந்தன. தேர்வானவர்களை முன்னால் வரச் சொன்னார்கள். நான்கு பக்கமும் பெண்கள் எழுந்து போனார்கள். கார்னர் எழவில்லை, கையை எடுக்கவும் இல்லை. மேடம் திரும்பிப் பார்த்தார். மைக்கில் அவள் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

"போ கார்னரு," என்றேன். "கூப்பிடுறாக."

அவள் சாரமில்ல என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதுதான் என் மறு கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டேன். அவள் எழுந்து முன்னால் போனாள். எல்லோரும் கலைந்து, மேட் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகும் வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.