ரேடியம் ஒட்டிய ஊர்

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் மாடத்தியின் ஸ்டிக்கர் கடை இருக்கிறது. நம்பர் பிளேட், லாரியின் நெற்றியில் குலசாமி பெயர், டிராக்டரின் பின்பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னும் ரேடியம் ஸ்டிக்கர், எல்லாம் அங்கே ஒட்டித் தருவாள். கடையின் ஷட்டரில் பச்சை ரேடியத்தை மெல்லிய கோடுகளாக வெட்டி, நிலாவில் இறங்கும் ஒரு விண்கலத்தை ஒட்டிவைத்திருக்கிறாள். யாராவது கேட்டால் "சும்மா வெட்டுனேன்" என்பாள்.

அது சும்மா வெட்டியதல்ல. ஒன்பதாம் வகுப்பில் பிடித்த பைத்தியம். பக்கத்து வீட்டு டிவியில் தமிழில் பேசிய ஒரு பழைய வெளிநாட்டு விண்வெளிப் படம் ஓடியது. அதில் வந்த சண்டையும் வெடியும் அவளுக்கு அடுத்த நாளே மறந்துவிட்டன. கலத்துக்குள் இருந்த சின்னத் திரை மட்டும் மனதில் நின்றது. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளாலேயே ஒரு மலை. கலம் இறங்க இறங்க அது திரும்பி, பெரிதாகி, பக்கத்தில் வந்தது. வெறும் கோடுதான். ஆனாலும் மாடத்தி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் டி.டி.பி. படித்ததும், அச்சகத்தில் வேலை பார்த்ததும், கடைசியில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வாங்கியதும் அந்தக் கோடுகளால்தான். மதியம் கடை ஓய்ந்திருக்கும்போது, அந்தக் காலத்துப் படங்களுக்கு கம்ப்யூட்டரில் எப்படிப் படம் வரைந்தார்கள் என்று போனில் தேடித் தேடிப் பார்ப்பாள். அறையை அடைத்து நிற்கும் ஒரு இயந்திரம் ஒற்றைப் படத்துக்காக மணிக்கணக்கில் முக்கியிருக்கிறது என்று தெரிந்தபோது, அந்த மலைமேல் அவளுக்கு மரியாதை கூடிப்போனது.

போன தை மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இயற்பியல் டீச்சராக இருக்கும் நாராயணி தன் ஸ்கூட்டருக்கு நம்பர் ஒட்ட வந்தார். ஷட்டரைப் பார்த்ததும் வந்த வேலை மறந்துவிட்டது.

"இது யார் வரைஞ்சது?"

"நான்தான் டீச்சர். பின்னால உள்ள காலு கொஞ்சம் நீளமாப் போயிட்டு."

நாராயணி சிரித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறிவியல் மன்றம் குறும்பட விழா வைக்கிறது. அதற்கு அவர் ஒரு கதை எழுதியிருக்கிறார். எங்கோ தூரத்திலிருந்து வரும் விண்கலம் மலைகளைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கப் பார்க்கிறது. கலத்தின் திரையில் ஊர் தெரிகிறது. அந்தத் திரைக் காட்சிதான் சரியாக வரவில்லை. ஏஐயிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்துக்கு ஒரு ஷாட்டில் ஒன்பது நிலை, அடுத்ததில் பதின்மூன்று, இன்னொன்றில் கோபுரமே இரண்டு.

"எங்க ஊர்க்காரங்க எண்ணிப் பார்ப்பாங்க. விடமாட்டாங்க," என்றார்.

மாடத்தி தன் கம்ப்யூட்டரில் ஊரைக் கோடுகளாக வரைய முயன்றாள். தேர் நிற்கும் தேர்முட்டி வரை வந்தது. கோபுரம் ஏற ஆரம்பித்ததும் மெஷின் சூடாகி உறைந்து நின்றுவிட்டது. அப்போதுதான் எப்போதோ பார்த்த ஒரு சங்கதி நினைவுக்கு வந்தது. உடனே நாராயணிக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், அந்தக் காலத்துல ஒரு படத்துக்கு கம்ப்யூட்டர் வச்சுச் செய்ய வழியில்லாம, நகரத்தையே மாடலாச் செஞ்சு கறுப்படிச்சு, ஓரத்துல மின்னுற டேப்ப ஒட்டி எடுத்திருக்காங்க. பார்த்தவங்க அம்புட்டுப் பேரும் கம்ப்யூட்டர்னே நம்பிட்டாங்க. நம்மகிட்ட ரேடியம் ரோல் ரோலாக் கிடக்கு."

"இப்ப கம்ப்யூட்டர் மனுஷன் மாதிரி நடிக்குது. நாம கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கணுமா?"

"நடிச்சுத்தான் பாப்பமே."

மாடத்தியின் கணவர் மலைச்சாமி நூல் மில்லுக்கு மினி லாரி ஓட்டுகிறார். மில்லுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த குடோனை அவர்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தார். ஞாயிறுதோறும் இரண்டு பெண்களும் அங்கே கூடினார்கள். நூல் சுற்றும் காகிதக் கோன்களைக் கவிழ்த்து மலைகள், அட்டைப்பெட்டிகளை வெட்டி ரத வீதி வீடுகள், பால்கோவா டப்பாக்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிப் பதினொரு நிலைக் கோபுரம். எல்லாவற்றுக்கும் கரும்பலகைப் பெயிண்ட். பிறகு விளிம்பு விளிம்பாக ரேடியம். விரல்களில் பசை காய்ந்து தோலோடு உரிந்து வந்தது.

"ஊரையே பார்சல் கட்டி வச்சிருக்கீக," என்றார் மலைச்சாமி.

படம் எடுக்கும் நாள் வந்தது. குடோன் ஷட்டரை இறக்கி இருட்டாக்கினார்கள். பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்து, போனைத் தள்ளுவண்டியில் கட்டி உருட்டினார்கள். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் ஒரே கறுப்பு. ஒரு கோடுகூட இல்லை. விளக்கை மாற்றி மாற்றி வைத்தார்கள். அப்போதும் அதேதான். நாராயணி அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். மாடத்திக்கு அழுகை முட்டியது. அத்தனை ஞாயிறும் வீணா?

அப்போது சோற்றுத்தூக்கோடு மலைச்சாமி பின்கதவு வழியாக வந்தார். இருட்டில் தடுக்காமல் இருக்க டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, ஊரு இந்த மின்னு மின்னுது. ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீக?"

"எங்க மின்னுது? இங்க ஒண்ணும் தெரியல."

"அங்கன நின்னா எப்படித் தெரியும்? எங்கிட்ட வந்து பாரு."

மாடத்தி போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். பச்சைக் கோடுகளாலேயே ஓர் ஊர் இருட்டில் மிதந்தது. மலை, வீதி, கோபுரம். அவள் மலைச்சாமியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நாராயணி வந்து பார்த்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டார். "ரேடியத்துல பட்ட வெளிச்சம் வந்த வழியேதான் திரும்பிப் போகும். விளக்கு இருக்கிற இடத்துலயே கண்ணும் இருக்கணும். வருஷா வருஷம் பாடம் நடத்துறேன், பாருங்க."

டார்ச்சைப் போனோடு சேர்த்துக் கட்டினார்கள். வண்டி உருண்டது. மலைகள் விலகின, வீதி விரிந்தது, கோபுரம் நிலை நிலையாக எழுந்தது. கோபுரத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில், இரண்டு வீடுகளுக்கு நடுவே வட்டமாக இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன. மாடத்தி அந்த இடத்தில் எதையும் ஒட்டவில்லை. விளக்குகள் அவளையே பார்த்தன. பிறகு மூடித் திறந்தன.

வண்டியின் வேகம் குறைந்தது. "டீச்சர்..."

"நிறுத்தாதீங்க," என்று நாராயணி கிசுகிசுத்தார்.

குடோனில் எலி பிடிக்கும் கறுப்புப் பூனை பெட்டிக்குப் பின்னால் தூங்கி எழுந்திருந்தது. இருட்டில் உடம்பு தெரியவில்லை, கண்கள் மட்டும் வீடுகளின் உயரத்துக்கு மிதந்து வந்து ரத வீதியைக் கடந்தன. போகிற போக்கில் அதன் வால் பட்டு ஒரு மாடி சரிந்தது. நாராயணி முதலில் எழுதிய கதையில் ஒரு வேற்றுக்கிரகவாசி இருந்தது. அதை உருவாக்க வழியில்லை என்று அடித்துவிட்டிருந்தார். இப்போது அது தானாகவே வந்து நடித்துக் கொடுத்துவிட்டுப் போனது.

விழாவன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. கோபுரம் எழுந்தபோது யாரோ வாய்விட்டு எண்ணி, "பதினொண்ணு, சரிதான்" என்றது கேட்டது. பச்சைக் கண்கள் மூடித் திறந்தபோது முன்வரிசையில் ஒரு நாற்காலி சர்ரென்று பின்னால் நகர்ந்தது.

படம் முடிந்ததும், மதுரையில் அனிமேஷன் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, எந்த சாஃப்ட்வேரில் செய்தது என்று கேட்டார். நாராயணி மைக்கை மாடத்தியிடம் கொடுத்துவிட்டார்.

"பால்கோவா டப்பா சார். நம்பர் பிளேட்டுக்கு ஒட்டுற ரேடியம்."

"அந்தக் கண்ணு?"

"அது பூனை."

சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆயிற்று. முதல் பரிசு பக்கத்து ஊரான மம்சாபுரத்துக்காரர்கள் எடுத்த தேனீப் படத்துக்குப் போனது. மாடத்தி அதற்கும் கைதட்டினாள். கேள்வி கேட்டவர் மறுநாளே ராஜபாளையத்துக்கு வந்து, குடோனில் அந்த ஊரைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கதை கடலுக்கு அடியில் என்று நாராயணி சொல்லியிருக்கிறார். மீன்களுக்கு எந்தப் பெட்டியை வெட்டுவது என்று இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மலைச்சாமி தன் பங்குக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அவருடைய மினி லாரியின் பின்கதவில் அந்த மலைகள் பச்சைக் கோடுகளாக நிற்கின்றன. கிருஷ்ணன்கோவில் தாண்டிப் பொழுது சாய்ந்ததும், பின்னால் வருகிறவர்கள் முந்திப் போகாமல் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே வருகிறார்களாம்.