குருத்தோலை கட்டிய வாசலுக்கு வந்த தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு அம்மை போட்ட அன்று எங்கள் குடத்தில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்தச் சித்திரையில் கிணறுகளெல்லாம் வறண்டுவிட்டன. நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே எங்கள் ஊரில் பாறையிடுக்கில் கசிகிற பொது ஊற்று ஒன்றுதான் எல்லாருக்கும் வாய் நனைத்தது.

அவர் கருப்புக்கட்டி ஏற்றிக்கொண்டு பட்டணத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வண்டியடிக்கிறவர். ஒருநாள் காய்ச்சலோடு திரும்பினார். சீக்கிரமே உடம்பெல்லாம் முத்து முத்தாகப் போட்டுவிட்டது. "தண்ணி, தண்ணி" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அம்மை கண்ட வீட்டார் ஊற்றில் இறங்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டி, வேலிக்கு வெளியே குடத்தை வைத்துவிடுவார்கள். ஊற்றிலிருந்து வருகிறவர்கள் அதைத் தொடாமல், உயரத்திலிருந்து ஊற்றி நிறைத்துவிட்டுத்தான் தாண்டுவார்கள்.

நாங்களோ வேதக்காரர், கிறிஸ்தவர்கள். வேப்பிலை அம்மனுக்குக் கட்டுவது. நினைவு தெளிந்த ஒரு நேரத்தில் அவரே கையை ஆட்டி, வேண்டாம் என்றார். இலை கட்டாத வாசலில் நோய் இருப்பது யாருக்குத் தெரியும்? வேலிக்கு வெளியே வைத்த குடம் வெறுமனே கிடந்தது. காயவைத்திருக்கிறேன் என்று நினைத்துக் கடந்துபோனார்கள். இலை கட்ட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. சொல்லாமல் போய் மொண்டால் ஊருக்கே நோயைக் கொடுத்த பாவம்.

சுவரோரம் முழங்காலிட்டு மழை கேட்டேன். வானத்தில் பஞ்சுத் துண்டளவு மேகம்கூட இல்லை. பிறகு மழையை விட்டுவிட்டேன். "ஆண்டவரே, அவர் வாயை நனைக்க ஒரு வழி காட்டும். எந்த வழியானாலும் நடக்கிறேன்" என்று அழுதேன். எழுந்தபோது மனதில் நின்றது ஒன்றே ஒன்று. போய்ச் சொல்.

வெறுங்கையோடு போனேன். காற்று என் பக்கமிருந்து ஊற்றுப்பக்கம் வீசாத இடமாகப் பார்த்து, மேட்டில் தூரமாக நின்றேன். கீழே குடங்களோடு பெண்கள். அவர்களில் பாருவக்கா, பகவதிக்கு விளக்கு வைக்காமல் பச்சைத்தண்ணீர் குடிக்காதவர். நாக்கு மட்டும் அரிவாள்.

"எந்தா ஞானம், கொடம் கொண்டுவரலியா? ஒங்க சாமி கையில ஊத்தித் தருவாரோ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"வீட்டுல அம்மை போட்டிருக்குக்கா. நான் கீழ எறங்க மாட்டேன். வாசல்ல வேப்பிலை கெட்டுததுக்கு எனக்கு மனசில்ல. அதான் வாயால சொல்ல வந்தேன்."

சிரிப்பு நின்றது. ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினாள். இலை கட்ட மாட்டாதவளுக்கு அவள் சாமியே ஊற்றட்டும் என்று முணுமுணுத்தாள். பாருவக்கா அவளை ஒரு முறை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வழியில போறவளுக்கு வீடு தெரியணும், அவ்வளவுதானே பிள்ளே? போன மாசம் ஓலை பிடிச்சிக்கிட்டு தெருவுல பாடிக்கிட்டுப் போனீங்களே, அது கெடக்கா? அதைக் கெட்டு. நாங்க கண்டுக்கிடுதோம்."

குருத்தோலை ஞாயிறன்று எங்கள் வேதக்கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலை. வீட்டுச் சுவரில் ஆணியில் காய்ந்து தொங்கியது. நான் முழங்காலிட்டு அழுதது அதற்கு நேர் கீழேதான். தலையை நிமிர்த்திப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

கட்டினேன். பொழுது சாயுமுன் வேலிக்கு வெளியே குடம் நிறைகிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு பாட்டை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. ஊற்றியது பாருவக்கா. மறுநாள் அந்த முணுமுணுத்தவளும் ஊற்றினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான், ஆனால் விளிம்பு வழிய ஊற்றினாள்.

முத்து காய்ந்தது. தலைக்குத் தண்ணீர் விடும் நாளும் வந்தது. இன்று அவர் தழும்பு முகத்தோடு பழையபடி வண்டியடிக்கிறார். கர்த்தருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

அதற்குப் பின் ஊற்றிலிருந்து திரும்பும்போது வேப்பிலை கட்டிய வாசலைக் கண்டால் என் முதல் குடம் அங்கேதான். போன பங்குனியில் பாருவக்கா வாசலிலேயே இலை தொங்கியது. அவர் மகனுக்கு அம்மை. நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"ஞானமா? வழிஞ்சு போவுது பிள்ளே. கொஞ்சம் ஒன் வீட்டுக்கும் வெச்சுக்க."

அந்தப் பையனும் எழுந்து நடமாடுகிறான்.

அன்பானவர்களே, நான் மழை கேட்டேன். ஆண்டவர் பாருவக்காவைத் தந்தார். உங்கள் குடமும் வெறுமையாகக் கிடக்கிறதா? முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு எழுந்து, அவர் அனுப்புகிற இடத்தில் வாய் திறந்து சொல்லுங்கள். ஊற்றுகிறவர்களை அவர் ஏற்கெனவே வழியில் வைத்திருக்கிறார்.