வச்சிடறேன் என்ற பிறகு

நீங்கள் நம்பப் போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். என் வேலையே ஆடியோ ஃபைல்களோடுதான், ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மொத்தமாக மாற்ற ஸ்கிரிப்ட் எழுதுவேன். எண்ணெயை வேறு பாட்டிலில் ஊற்றுகிற மாதிரி, உள்ளே இருப்பது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

அம்மா கடைசிவரை சிங்கப்பூரில், மார்சிலிங்கில் என் வீட்டில்தான் இருந்தார். குளிப்பாட்டியதும் நான், டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான். கிளமெண்டியில் இருக்கும் தம்பி தீபாவளிக்குத் தலைகாட்டுவான், அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "தம்பி, சாப்பிட்டியா?" என்று ஓயாமல் கேட்பார். என்னை ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வந்ததெல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான்: "தேக்கா மார்க்கெட் போனா முருங்கைக்கீரை வாங்கிட்டு வா. சரி, வச்சிடறேன்." அதையும் போன் பேசுவதாகவே நினைத்து, ஒவ்வொன்றையும் அப்படித்தான் முடிப்பார்.

அம்மா போன பிறகு தம்பி கூப்பிட்டான். "அக்கா, அம்மா வாய்ஸ் எல்லாம் எம்பித்ரீயா மாத்தி அனுப்பு லா, கார்ல கேக்கணும்."

உயிரோடு இருந்தபோது கேட்க நேரமில்லை, இப்போது கார் ஓட்டிக்கொண்டே கேட்பாராம் துரை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். எல்லாம் ஒழுங்காக மாறின, அந்தக் கீரை மெசேஜ் மட்டும் பழையதைவிட நீளமாக இருந்தது. போட்டுக் கேட்டேன். "சரி, வச்சிடறேன்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா குரல், பக்கத்து அறையிலிருந்து வருவது போல: "தம்பி சாப்பிட்டானா?"

பழைய மெசேஜில் அது இல்லை. மறுபடி மாற்றினேன், மறுபடியும் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தைவிட ஆத்திரம்தான் எனக்கு. செத்தும் அவனைத்தானா? அப்படியே அவனுக்கு அனுப்பித் தொலைத்தேன்.

மறுநாள் அவனே போன் செய்தான்.

"அக்கா, அந்தக் கீரை மெசேஜ்ல கடைசில ஒண்ணு கேக்கறாங்களே. 'பாப்பா சாப்பிட்டாளா'ன்னு. என்னைக் கேக்கல. யாருக்கா அந்தப் பாப்பா?"

நான்தான். தம்பி பிறந்ததும் அம்மா விட்டுவிட்ட பெயர் அது, அவனுக்குத் தெரியவே தெரியாது.

என்னிடம் இருக்கும் அதே ஃபைல் இன்றைக்கும் தம்பியைத்தான் கேட்கிறது. எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். அவன் காரில் நான் ஏறினால் ரேடியோவைப் போடச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் அம்மா யாரைக் கேட்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.