வண்டிச் சத்தத்துக்குள் அழுகை

எங்கள் வீட்டில் அழுவதற்கென்று நேரம் இருந்தது. காலையில் ஒரு பயணிகள் வண்டி, மத்தியானம் கூட்ஸ் வண்டி, பின்னேரம் நிற்காமல் போகும் மெயில். அவை போகும் சத்தத்துக்குள் அழுது முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உலையில் அரிசி போட வேண்டியதுதான். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஆனாலும் அப்படித்தான் நடந்தது.

ஐயா மலாயாவில், ஜொகூரில், குளுவாங்குக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில் சேர்ந்தவர். ஸ்டேஷனைச் சுற்றி ரப்பர், ரப்பருக்கு அப்பால் காடு. எங்கள் குவார்ட்டர்ஸ் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இருந்த பலகை வீடு. வண்டி வந்தால் அலமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும். வீட்டின் மறுபாதியில் ஐயாவின் கீழ் வேலை பார்த்த குமாஸ்தா ஒருவர் இருந்தார். நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் உப்புக் கேட்டால் அவருக்குக் கேட்கும்.

நாங்கள் நான்கு பேர். ஐயா, அம்மா, நான், தம்பி. எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது தம்பி காய்ச்சலில் செத்துப்போனான். அவனுக்கு எட்டு வயது. காலமானான், இறைவனடி சேர்ந்தான் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. செத்துப்போனான். ஜொகூரில் அந்த நாளில் மலேரியா எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. கொயினா மருந்து கொடுத்தோம், கஷாயம் கொடுத்தோம், குளுவாங்கிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்தோம். செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. திட்டுவதற்கு ஒருவர் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துப் பெண்கள் செத்தவீட்டில் தனியே அழுவதில்லை. இரண்டு பேர், மூன்று பேராகத் தோளில் கைபோட்டுக் கட்டிப்பிடித்து, தலையோடு தலை சேர்த்து ஒப்பாரி சொல்வார்கள். ஒருத்தி மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் மற்றவள் எடுப்பாள். அந்த அழுகைக்கு ஆள் வேண்டும். அம்மாவுக்கு அங்கே ஆள் இல்லை. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். குமாஸ்தா தனிக்கட்டை. தண்டவாளத்தில் வேலை செய்த கூலிகளின் பெண்கள்தான் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளிலிருந்து வந்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள். அவர்களில் மூத்தவள் அம்மாவின் முன்னால் குந்தி, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“வாங்கம்மா, வாய்விட்டு அழுதுருங்கம்மா. உள்ளேயே வச்சிருக்காதீங்க,” என்றாள்.

அம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் பெண்சாதி ஒரு கூலிப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுவதா? அப்படி வாய் திறந்து சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். எங்கள் பெருமையில் இடி விழ. நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகளை ஒப்பாரிக்கு இருத்துவதில்லை என்பதால் என்னையும் யாரும் கூப்பிடவில்லை.

தம்பியை ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து ஆண்கள் குளித்தார்கள். மறுநாள் ஐயா தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். காலை வண்டி வந்தபோது அம்மா சமையல் குசினிக்குப் பின்னால் இருந்த படியில் போய் உட்கார்ந்தார். தன் தோள்களைத் தானே கட்டிப்பிடித்துக்கொண்டு, வீடு அதிரும் அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டுக் கத்தினார். வண்டி வந்து நின்றதும் கத்தலும் நின்றது. வண்டி புறப்பட்டதும் மறுபடி தொடங்கியது. கடைசிப் பெட்டி போனதும் எழும்பி முகம் கழுவினார். மத்தியான வண்டிக்கும் அப்படியே, பின்னேர மெயிலுக்கும் அப்படியே. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் அழுகை வரவில்லை, பிறகு பசி வரவில்லை, பிறகு எழும்பவே முடியவில்லை. காலையில் கண் விழித்தால் பாயிலிருந்து எழும்புவதற்கு ஒரு காரணம் தேடுவேன். கிடைக்காது. தலை வாரினால் என்ன, வாராவிட்டால் என்ன என்று தோன்றும். அம்மா கஞ்சி கொண்டுவந்து வைப்பார். அது ஆறி, மேலே ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். இன்று இதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்கிறார்கள், மாத்திரை இருக்கிறது என்கிறார்கள். அன்று என் ஒருத்திக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். குமாஸ்தா சோம்பல் என்றார். லைன் பெண்கள் பிள்ளை பயந்துவிட்டது என்றார்கள். டாக்டர் இரத்தம் குறைவு என்றார். யாரோ சொன்னதைக் கேட்டு மந்திரித்து என் கையில் நூல் கட்டினார்கள். நூல் அழுக்கேறிக் கறுத்ததுதான் மிச்சம்.

தனிமை என்றால் ஆள் இல்லாத காட்டில் இருப்பது என்று நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி. ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் நான் கிடந்தேன், அந்தப் பக்கம் என்னைப் பெற்றவள் அழுதுகொண்டிருந்தாள். அம்மா படிக்குப் போவதும் வருவதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். ஒரு நாள் கூட அதைப் பற்றிக் கதைத்ததில்லை. தம்பியின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஐயா வேலை முடிந்து வந்து, என் அறை வாசலில் நின்று, “பிள்ளை சாப்பிட்டதோ?” என்று அம்மாவைக் கேட்பார். என்னைக் கேட்கமாட்டார். ஐயா கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. மகன் செத்ததுகூட இவருக்கு ஒரு வண்டி தாமதமானது மாதிரித்தான் என்று மனதுக்குள் திட்டுவேன்.

நான் எலும்பும் தோலுமாகிவிட்ட பிறகு ஒரு நாள் ஐயா அம்மாவிடம் சொன்னார்.

“இஞ்சரும், பிள்ளையை ஊருக்கு அனுப்புவம். இஞ்சை வைச்சிருந்தா இதையும் பறிகுடுத்திடுவம்.”

“அனுப்பிப்போட்டு? எனக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?” என்று அம்மா கேட்டார்.

“பிள்ளை உயிரோடை இருந்தாப் போதாதே?”

குளுவாங்கில் ரயில்வேயில் இருந்த ஒரு குடும்பம் விடுமுறையில் யாழ்ப்பாணம் போவதாக இருந்தது. கணவனும் மனைவியும் காலை வண்டியில் வருவார்கள், எங்கள் ஸ்டேஷனில் என்னை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் எடுப்பார்கள் என்று ஏற்பாடு. அங்கே ஐயாவின் தமக்கை வீட்டில் நான் இருக்க வேண்டும். அந்த மாமியை நான் பார்த்ததுகூட இல்லை. போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். போகமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் எழும்பவில்லை. சும்மா கிடந்தேன்.

அந்தக் கிழமை மார்கழி மழை பிடித்தது. ஜொகூர் மழையைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வடக்கே ஆறு பெருகி ஒரு பாலத்தை அடித்துக்கொண்டு போனது. தெற்கேயும் தண்டவாளத்துக்கு மேல் தண்ணீர். வண்டிகள் எல்லாம் நின்றன.

வீட்டில் இப்படியொரு அமைதியை நான் அறிந்ததில்லை. மழை விட்டபிறகு தவளைச் சத்தம் மட்டும். காலை வண்டி நேரத்தில் அம்மா குசினிப் படிக்குப் போனார். உட்கார்ந்தார். சத்தம் வராததால் திரும்பி வந்தார். மத்தியானமும் போனார், வந்தார். அடுத்த நாளும் அப்படியே. பாத்திரங்களை வைக்கும் விதத்திலேயே அம்மாவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. ஸ்டேஷனில் ஐயாவுக்கும் வேலை இல்லை. யன்னல் வழியே பார்த்தேன். வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, கொடியைக் கையில் வைத்தபடி மேடையில் நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி வரும்போதெல்லாம் இந்த மனிதன் தொப்பியும் கொடியுமாக எஞ்சின் டிரைவருக்கும் கார்டுக்கும் முன்னால் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அழுவதற்கு நேரமே கிடைக்காத ஒரே ஆள் அவர்தான்.

அன்று மத்தியானம் அம்மா கஞ்சியோடு வந்தார். காலையில் வைத்த கஞ்சி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ, கோப்பையைத் தரையில் அடித்தார்.

“உனக்குக் கண்ணீர் எண்டு ஒண்டு இருக்கோடி? கூடப் பிறந்தவன் செத்து ஒரு சொட்டு விட்டனியோ? நீயும் செத்துப்போனாய் எண்டு சொல்லிப்போடு, நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுறன்.”

பல நாள் பேசாத தொண்டை, குரல் கரகரத்தது.

“நீங்கள் அழேக்கை என்னைக் கூப்பிட்டனீங்களோ?” என்றேன்.

அம்மா அப்படியே நின்றார்.

“ஒவ்வொரு வண்டிக்கும் போய் அந்தப் படியிலை இருக்கிறியள். நான் இஞ்சை கிடந்து கேட்டுக்கொண்டு இருக்கிறன். ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டனீங்களோ? அவன் எனக்கு ஆர்? அவன் என்னோடை தானே படுத்தவன்?”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நான் கவலைப்படவில்லை. அம்மா குனிந்து, சிந்திய கஞ்சியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு எழும்பிப் போய்விட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். சொன்னதால் எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. முன்னைவிட மோசமாக இருந்தது.

ஆனால் அன்று பின்னேரம் எனக்குப் பசித்தது. எழும்பிப் போய்க் குசினியில் உட்கார்ந்து கொஞ்சம் கஞ்சி குடித்தேன். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அன்றோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் அது பச்சைப் பொய். அடுத்த நாள் மறுபடி எழும்ப முடியாமல் கிடந்தேன். அதற்கடுத்த நாள் எழும்பினேன். அடுத்த ஒரு வருடம் முழுவதும் இப்படித்தான், ஒரு நாள் ஏறும், இரண்டு நாள் இறங்கும்.

பாலத்தைச் சரிபண்ணிவிட்டார்கள், காலை வண்டி வருகிறது என்று தந்தி வந்தது. அந்தக் குடும்பமும் அதில் வருகிறது. ஐயா வீட்டுக்கு வந்து, “பெட்டியைக் கட்டுங்கோ,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா கட்டினார். நான் தடுக்கவில்லை. தலை வாரி, சேலை கட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். தம்பியைப் புதைத்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

தூரத்தில் வண்டி ஊதியது. கோப்பைகள் கிலுகிலுக்கத் தொடங்கின. அம்மா பழக்கத்தில் குசினிப் பக்கம் போனார். வாசலில் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் பெட்டியின் பிடியில் கை வைத்தேன்.

“வாறியோ?” என்று கேட்டார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் போனேன். குசினிப் படியில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்தோம். எனக்கு ஒப்பாரி தெரியாது. அம்மா தம்பியின் பெயரைச் சொல்லித் தொடங்கினார். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நான் எடுத்தேன். அவன் பெயரை மட்டும் சொன்னேன், வேறு சொல் எதுவும் வரவில்லை. அதோடு கண்ணீர் வந்தது. வண்டி மேடையில் வந்து நின்று சத்தம் அடங்கியது. நாங்கள் அடங்கவில்லை. வண்டி எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது. வண்டி ஊதிப் புறப்பட்டுப் போய், ரப்பர் மரங்களுக்கு அப்பால் அதன் சத்தம் தேய்ந்தும் போய்விட்டது.

ஐயா வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக வந்தார். கையில் பச்சைக் கொடி அப்படியே இருந்தது.

“அவையளைப் போகச் சொல்லிப்போட்டன்,” என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஏன்?”

“ரெண்டு பேரின்ரை குரல் கேட்டுது.” ஐயா தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். “கொஞ்சம் ஒதுங்குங்கோ,” என்றார்.

நாங்கள் ஒதுங்கினோம். ஐயா எங்கள் நடுவில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். பெரிய குரல் அவருக்கு. அவரைச் சத்தமாகப் பேசக்கூடக் கேட்டதில்லை நாங்கள். அடுத்த வண்டி வர இன்னும் நேரமிருந்தது. ஸ்டேஷனில் குமாஸ்தா நின்றார், லைனில் பெண்கள் இருந்தார்கள், தண்டவாளத்தில் கூலிகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.