சின்னதுரை பங்களாவின் குசினிக் கதவு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேல இல்லையா?" என்று எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை, ஆனால் மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இது நடந்தது, நன்றாக விடிந்த பிறகு நடந்தது, எனக்குக் காய்ச்சலும் இல்லை.

போன மழைக்குத் தொழிலாளர் குடியிருக்கிற எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. இனி இங்கே இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் வந்து கடிதம் கொடுத்தார்கள். எங்கே போய் இருப்பது என்று அதில் ஒரு வரி இல்லை. பாடசாலை மண்டபத்தில் இரண்டு வாரம் படுத்தோம், பாடசாலை தொடங்குகிறது என்று அங்கிருந்தும் கிளப்பினார்கள். டவுனில் ஓர் அறை வாடகைக்குக் கேட்டால், மாதம் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் கட்டுப்படியாகாது. அதே தோட்டத்தில், உதவி மேனேஜர் இருந்த சின்னதுரை பங்களா ஏழு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நாலு பெரிய அறை, ஒரு ஹோல், சொட்டு ஒழுகாத கூரை. ஆளில்லாத அறைக்குக் கூரை இருக்கிறது, பிள்ளையோடு மழையில் நிற்கிறவளுக்கு இல்லை, இது என்ன நியாயம்? மூன்று குடும்பம், பதினான்கு பேர், பூட்டை உடைத்து உள்ளே போனோம்.

இதில் எனக்கு எங்கள் மேலேயே ஆத்திரம். நாங்கள் உடைத்தது பின்னால் சமையல் நடக்கிற குசினியின் கதவை. பங்களாவுக்கு என்ன வேலையாகப் போனாலும் எங்கள் ஆட்கள் முன்வாசல் ஏறியதில்லை, அந்தப் பழக்கம். பூட்டை உடைக்கும்போதுகூட மரியாதையாகப் பின்பக்கம் போன கூட்டம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்! பதினான்கு பேரும் குசினியிலும் வேலைக்காரர் அறையிலும் நெருக்கியடித்துப் படுத்தோம். நாலு அறையும் சும்மா கிடந்தன.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, குசினிச் சுவரில் மணி அடித்தது. துரைமார் ஹோலில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டு அழுத்துகிற மணி அது. பங்களாவுக்குக் கரண்ட் வெட்டியே ஏழு வருடம். என் வீட்டுக்காரர் சிவா போய்ப் பார்த்தார், ஹோலில் ஒருத்தரும் இல்லை. மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மணி அடித்ததும் என் மகள் கவிதா, பத்து வயது, சட்டென்று எழுந்து, பாவாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஒரு கோப்பையைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கீழ வைடி அத!" என்று தட்டைப் பிடுங்கினேன். "எல்லாரும் பாயத் தூக்கிட்டு முன்வாசலுக்குப் போங்க. நான் உள்ள போயி கதவத் தொறக்குறேன். இனி ஹோல்லதான் இருக்கப் போறோம்."

கூட வந்த ராணி அக்கா தயங்கினார். "தொர பாத்தா என்னா சொல்லுவாரு புள்ள?"

"எந்தத் தொரக்கா? ஏழு வருஷமா ஒருத்தனும் இல்ல!"

அவர்கள் சுற்றிப் போக, நான் குசினி வழியாக ஹோலுக்குள் போனேன். துரையின் பெரிய நாற்காலி தூசியோடு இருந்தது, பக்கத்துச் சுவரில் மணிப் பொத்தான். ஆத்திரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். "இந்தா, இப்ப நான் கூப்புடுறேன், நீ கொண்டா பாப்போம்!" என்று கத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. ஆனால் குசினியிலிருந்து வெறுங்கால் சத்தம் வந்தது, கண்ணாடி வளையல் சத்தம், தட்டில் கோப்பை நடுங்குகிற சத்தம், நடைவழியில் நிதானமாக வந்து ஹோல் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. எங்கள் ஆட்கள் துரை கூப்பிடும்வரை நிற்பது போலவே நின்றது. மெதுவாக ஒரு செருமல். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன், முற்றத்துத் தூறலில் பதின்மூன்று பேரும் நிற்கிறார்கள்.

"உள்ள வாங்க," என்றேன். குரல் தானாகத் தணிந்துவிட்டது.

வரவில்லை. கதவைத் திறந்தேன், நடையில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை. ஒன்பது நாள் ஹோலில் கால் நீட்டிப் படுத்தோம். பத்தாம் நாள் தோட்ட நிர்வாகத்தார் பொலிசோடு வந்து, அத்துமீறி நுழைந்தோம் என்று வெளியே தள்ளினார்கள். உல்லாசப் பயணிகள் தங்க பங்களாவைத் திருத்தப் போகிறார்களாம். காவல்காரர் புதுப் பூட்டோடு குசினிக் கதவில் நின்று கேட்டார்:

"எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?"

எங்கள் சாமான் எல்லாம் முற்றத்தில் கிடந்தது, பதினான்கு பேரும் வெளியே நின்றோம். அந்தக் கதவுக்கு உள்ளே யாரோ கோப்பை கழுவுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்க," என்றேன்.

அவர் பூட்டினார். இப்போது தகரக் கொட்டகையில் இருக்கிறோம். யாரைக் குறை சொன்னாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னது நான்தான். உள்ளே இருந்த அவளையும் ஒரு தடவை வெளியே கூப்பிட்டிருக்கலாம்.