வெடிக்குத் தப்பினேன், துப்பாக்கிக்குச் செத்தேன்

2005-ஆம் வருடம், தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கெல்லாம் லீவு விட்டிருந்த சமயம். எங்கள் சிவகாசியை அடுத்த ஆனைக்குட்டம் அணைப் பக்கம் ஓர் உளவாளி படத்தின் ஷூட்டிங் நடந்தது. வில்லனின் அடியாட்களாக நிற்க உள்ளூர் ஆட்கள் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். முதல் ஆளாகப் போய் நின்றேன். எனக்கு அடித்தது யோகம்! ஆயுதக் கிடங்கு வாசலில் நான் காவல் நிற்க வேண்டும். உளவாளி வைத்த குண்டு வெடித்ததும் செத்து விழ வேண்டும். கேமரா என் முகத்தைத்தான் பார்க்குமாம். வீட்டுக்காரி தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

மறுநாள் 'ஆக்‌ஷன்' என்றார்கள். குண்டு வைத்த பெட்டியில் புஸ்ஸென்று பொறி கிளம்பியது. அது வெடிக்கும் முன்பே நான் ஐம்பதடி தள்ளி ஒரு வேலிக்கருவை மரத்துக்குப் பின்னால் நின்றேன். இரண்டாவது தடவையும் அதே கூத்து. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றும் பயனில்லை. போதாக்குறைக்கு, பக்கத்தில் நின்ற சென்னை நடிகரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆளை மாத்துங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்த முகத்தோடு தெருவுக்குள் போவது?

சண்டைப் பயிற்சியாளர் அருகில் வந்து, "என்னப்பா வேலை பார்க்கிறே?" என்று கேட்டார்.

"பட்டாசுக் கம்பெனில, வெடிமருந்து ரூம்ல சார். பொறியப் பாத்தா காலு நிக்க மாட்டேங்குது. எங்க பக்கம் நின்னு பாத்தவுக யாரும் வீடு திரும்பலை."

அவர் என் தோளில் தட்டி, "சரி, நீ ஓடு. ஓடும்போது சுட்டுடறோம்" என்றார். இயக்குநரும் ஒத்துக்கொண்டார். ஒரே டேக்கில் அருமையாகச் செத்தேன்.

படம் சிவகாசிக்கு வந்தபோது தியேட்டரில் பாதி எங்கள் கம்பெனி ஆட்கள்தான். குண்டு வெடித்து மற்றவர்கள் விழ, நான் மட்டும் ஓட, ஒரே விசில்.

"ஏலே, குண்டுக்குத் தப்பிச்சவன் நீ ஒருத்தன்தாம்லே! துப்பாக்கிய மறந்துட்டியே!" என்று பின்வரிசையிலிருந்து கூட வேலை பார்க்கும் சேக்காளி ஒருவன் கத்தினான்.

நான் குப்புற விழுந்ததைப் பார்த்து வீட்டுக்காரியும் சிரித்தாள். ஆனால் என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ஓடுனீகள்ல, அது போதும்" என்றாள்.

தினமும் காலையில் டிபன் பாக்ஸைக் கொடுத்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் வரை அவள் எவ்வளவு பயத்தோடு இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதை நினைத்துத்தான், இன்றும் வேலை முடிந்ததும் டீக்கடையில்கூட நிற்காமல் நேரே வீட்டுக்குப் போகிறேன்.