மச்சான் உதாரணமான கதை

எங்கள் தெருவில் அவரை ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். திமிர் பிடித்தவர் என்று அல்ல; ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி தயாராகும் பதிப்பகத்தில் வேலை. பொருளைப் பெரியவர்கள் எழுதிவிடுவார்கள். ஆளுக்குப் புரிகிற மாதிரி உதாரண வாக்கியம் எழுதுவது இவர் பாடு. கற்பனை வறண்டால் வீட்டைப் பார்ப்பார். மனைவியின் குறட்டை ‘இடி’க்குப் போயிருக்கிறது. அந்தம்மாவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவைக்காதீர்கள்.

பிராணிகளைப் பழக்குவதைச் சொல்லும் ‘டெய்ம்’ என்ற சொல் வந்தது. கையில் வைத்தால் தின்னும் மான் முதல் பொருளுக்கு. சப்பென்று இருப்பது என்ற இன்னொரு பொருளுக்குச் சிரிப்பே வராத ஜோக். கடைசிப் பொருள், வீம்பெல்லாம் வற்றி அடங்கிப்போன ஆள். வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் அண்ணன், இவர் பக்கத்தில் மடித்து வைத்திருந்த செய்தித்தாளைக் கேட்கத் தயங்கி எதிரே காத்திருந்தார். ஆலை வாசலில் மைக் இல்லாமலே முழங்கிய மனுஷன். ஆலையை மூடியதும் தங்கை வீட்டோடு வந்துவிட்டார். அகராதி அவரையே உதாரணமாக எழுதிவிட்டார். எழுதியதை மறந்தும்விட்டார்.

அச்சுப்படி திருத்தும்போது ஒருவர் கமா, முற்றுப்புள்ளி உட்பட உரக்கப் படிக்க, மற்றவர் மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பதிப்பகத்தில் படிக்கிறவருக்குக் காய்ச்சல். தாள்கள் வீட்டுக்கு வந்தன.

“சும்மாதானே இருக்கேன் மாப்பிள்ளை, நான் படிக்கிறேன்” என்றார் மச்சான்.

மளமளவென்று படித்துக்கொண்டே வந்தார். “வேலை போன மச்சான் கமா தங்கை வீட்டில் வாலாட்டாத குறையாகப் பழகிவிட்டார் முற்றுப்புள்ளி.”

குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அகராதிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“மச்சான்... அது வந்து... பொதுவா எழுதினது...”

“அந்த இடத்துல கமா வேணுமா மாப்பிள்ளை?”

“ரெண்டு அறை விடுங்க. திட்டவாவது செய்யுங்க மச்சான்!”

“திட்டினா உதாரணம் கெட்டுப்போயிடுமே.”

அகராதி அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் பரபரவென்று அடித்தார். அடித்தால் ஆயிற்றா? பக்கம் கட்டியாகிவிட்டது. அதே நீளத்தில் வேறு வாக்கியம் வேண்டும். இல்லையென்றால் வரிகளெல்லாம் இடம் மாறும். மனுஷர் எழுதி எழுதிப் பார்த்தார், எதுவும் அளவுக்கு வரவில்லை. கடைசியில் மச்சான்தான் தாளை எட்டிப் பார்த்து, விரல் விட்டு எழுத்தெண்ணிச் சொன்னார்:

“‘ஊரை மிரட்டிய ரவுடி, மாமியார் வீட்டில் பெட்டிப்பாம்பாக அடங்கினான்.’ உட்காருதா பாருங்க.”

கச்சிதமாக உட்கார்ந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தார் அகராதி. எந்த முகத்தோடு சொல்வது?

“அடுத்த சொல் படிக்கட்டுமா மாப்பிள்ளை?”

“ம்... படிங்க” என்றார், தாளைவிட்டுத் தலையைத் தூக்காமல்.